அரக்கு வைத்து ஒட்டிய சொந்தம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம், படுவான்கரை. ஒரு காலத்தில் அந்தக் கரையின் ஓரிடத்தில் கொக்கட்டி மரங்கள் சோலையாக நின்றன. காட்டுக்குள் வந்த வேடர் ஒருவர் அவற்றில் ஒன்றின் மீது கோடரியை இறக்கினார். வெட்டுவாயிலிருந்து குருதி வழிந்தது. பதறிப்போய்த் துணியால் மூடினார். பிறகு ஊர் திரண்டு வந்து பார்த்தபோது அங்கே சிவலிங்கம் இருந்தது என்பது தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலக்கதை. கோயில் எழுந்தது. மரம் ஊருக்குப் பெயர் கொடுத்தது. கொக்கட்டிச்சோலையில் அந்த மரத்தைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அந்த மரத்துக்குச் சொந்தக்காரர்கள் யார் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டவர்கள் கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் தேடி வந்ததும் ஒரு மரத்தின் வெட்டுவாயிலிருந்து வழிவதைத்தான். அதன் நிறம் மட்டும் சிவப்பல்ல.

1603ஆம் ஆண்டு. கீழை நாடுகளுக்குப் போய்த் திரும்பிய ஒல்லாந்துக் கப்பல்தளபதி யாக்கோப் வான் நெக் கொண்டுவந்த சரக்கில் ஒரு விசித்திரப் பிசின் இருந்தது. அதில் ஒரு துண்டு லெய்டன் நகரத்துத் தாவர அறிஞர் குளூசியஸின் கைக்கு வந்து சேர்ந்தது. வெளியே அழுக்குப் பழுப்பு. ஈர விரலால் தொட்டாலோ பளீரென்ற மஞ்சள். ஓவியர்கள் அதற்காகப் பறந்தார்கள். வைத்தியர்களும் விட்டுவைக்கவில்லை, ஒரு சிட்டிகை போதும், வயிறு மொத்தமும் கழுவிவிடும். கம்போடியப் பக்கத்திலிருந்து வந்ததால் அந்த நாட்டின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது: காம்போஜ். எந்த மரத்தின் பால் அது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மரம் தெரிந்தவனுக்குச் சந்தை முழுவதும் சொந்தம். தேடல் தொடங்கியது.

ஒல்லாந்தருக்கு மட்டக்களப்பு புதிய இடமல்ல. 1602இலேயே ஸ்பில்பெர்கனின் கப்பல் அந்தக் கரையில் நங்கூரம் போட்டிருந்தது. 1638இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கறுவாவும் யானையும் போக, இலங்கைத் தீவில் வேறென்ன காசாகும் என்று தெரிய வேண்டியிருந்தது. 1672இல் பவுல் ஹெர்மன் என்ற இளம் மருத்துவர் கொழும்புக்கு வந்து இறங்கினார். மருத்துவம் பார்த்த நேரம் போக, செடி பறித்துக் காகிதத்தில் ஒட்டினார். மஞ்சள் பிசின் தரும் மரம் எது என்று உள்ளூராரை விசாரித்தார். இரண்டு பெயர்கள் கிடைத்தன: கொரக்கா, கண கொரக்கா. முதலாவது, மீன் குழம்பில் போடும் புளி. ஈழத்துத் தமிழர் கொறுக்காய் என்றும், மலையாளக் கரையிலும் நாஞ்சில் நாட்டிலும் குடம்புளி என்றும் சொல்கிற அதே குடும்பம். ஹெர்மன் தன் ஏடுகளோடு லெய்டனுக்குத் திரும்பிப் பேராசிரியரானார். 1695இல் இறந்தார். அவர் ஒட்டிவைத்த இலங்கைச் செடிகளின் ஏடுகள் காணாமல் போயின.

அரபிக்கடல் கரையில் அதே கம்பெனியின் இன்னொரு அதிகாரி இதே வேலையில் இறங்கியிருந்தார். கொச்சியின் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் முதலான நாட்டு வைத்தியர்களின் துணையோடு மலபாரின் மரம் செடிகளை வரையவைத்தார். 1678இல் வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் முதல் தொகுதியில் குடம்புளி முழுப்பக்கப் படமாக நின்றது. படம் ஐரோப்பா முழுவதும் சுற்றியது. படத்தைப் பார்த்த ஒருவர் ஒரு பெரிய தவறு செய்யப்போகிறார். அதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது.

இடையில் மேடைக்கு வந்தவர் லோரான் கார்சான். பிரான்சில் பிறந்து, புராட்டஸ்தாந்து மதத்தவர் என்பதற்காகக் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துப் பக்கம் தப்பிப்போனவர். கம்பெனிக் கப்பலில் அறுவை வைத்தியராக 1720களில் கிழக்கே மூன்று பயணம் போனார். மலாய் நாடுகளில் அவரை மயக்கியது ஒரு பழம்: மங்குஸ்தான். தடித்த ஊதாத் தோலுக்குள் வெள்ளைச் சுளைகள். அடியில் இருக்கும் பூவடிவ வடுவில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. கார்சான் பூவையும் காயையும் பிரித்துப் பார்த்தார். அதுவரை அறிந்த எந்த வகைக்குள்ளும் அது அடங்கவில்லை. இது ஒரு புதிய பேரினம் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1730களில் அது அச்சேறியது. பெயர் சூட்டும் உரிமை அவருடையது. அவர் தன் பெயரை வைக்கவில்லை. மலாய்க்காரர் சொல்லும் பெயரையே பேரினத்துக்கும் பரிந்துரைத்தார். அந்தப் பணிவு நிலைக்கவில்லை.

1744இல் ஒரு அதிர்ஷ்டம். ஐம்பது ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஹெர்மனின் ஏடுகள் டென்மார்க் அரண்மனை மருந்தாளர் குந்தரிடம் அகப்பட்டன. அடையாளம் காட்டித் தரும்படி அவர் அவற்றைச் சுவீடனுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் கார்ல் லின்னேயஸ். உலகத்து உயிர்கள் எல்லாவற்றுக்கும் இரட்டைப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தவர். முதற்பெயர் பேரினம், அடுத்தது இனம். 1747இல் இலங்கைச் செடிகளைப் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். 1753இல் மங்குஸ்தானுக்கு வந்தார். மலாய்ப் பெயரைப் பேரினத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கார்சானின் பெயரையே லத்தீனாக்கி வைத்தார்: கார்சீனியா மங்கோஸ்தானா. கார்சான் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அடுத்து குடம்புளியின் முறை. லின்னேயஸின் முறை எளிமையானது: பூவுக்குள் மகரந்தத்தாள் எத்தனை என்று எண்ணு, அதற்கேற்ற வகுப்பில் போடு. மங்குஸ்தானுக்குப் பன்னிரண்டு சொச்சம் தாள்களின் வகுப்பு கிடைத்தது. குடம்புளிக்குப் ‘பல தாள்’ வகுப்பு. ஒட்டிப் பிறந்த உறவுகள் புத்தகத்தின் வேறு வேறு மூலைகளுக்குப் போயின. அதோடு விடவில்லை. ஹெர்மன் சொன்னதை நம்பி, ஓவியரின் மஞ்சளைத் தருவது குடம்புளி மரம்தான் என்று முடிவுகட்டி, அதற்குக் காம்போஜியா என்று தனிப் பேரினமே உண்டாக்கினார். மேற்குத் தொடர்ச்சி மலைக்காரனுக்குக் கம்போடியக் குடியுரிமை! அந்தப் பிழைக்கு இருநூறு ஆண்டு கழித்து என்ன விலை கிடைக்கும் என்பதை உப்சாலாவில் இருந்த அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மட்டக்களப்பில் ஒருவர் யாருக்குச் சொந்தம் என்பதைத் தாயின் குடி சொல்லும். தகப்பனுக்குக் காணியும் வள்ளமும் எத்தனை என்பது அதை மாற்றாது. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை; கோயில் மரியாதையும் குடிமுறைப்படிதான். லின்னேயஸ் செய்தது ஊராரின் குடியை விசாரிக்காமல் வீட்டில் எத்தனை ஆண்கள் என்று எண்ணிப் பங்கிட்ட வேலை. அதிலும் மங்குஸ்தானை அப்படி எண்ணியது தனி வேடிக்கை. தோட்டத்து மங்குஸ்தான்கள் பெண் மரங்கள். ஆணின் மகரந்தம் இல்லாமலே விதை கட்டும், கன்று தாயின் நகலாகவே வரும். குடி வழி பார்க்கத் தெரிந்த ஒருவர் தாவரவியலுக்குத் தேவைப்பட்டார்.

அவர் ஜெர்மனியில் இருந்தார். யோசப் கேர்ட்னர் பூவை ஒதுக்கிவிட்டுக் கனியையும் விதையையும் மட்டும் அறுத்துப் பார்த்தவர். 1790ஐ ஒட்டி வந்த அவருடைய நூலில் குடம்புளியின் விதையும் மங்குஸ்தானின் விதையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வந்தன. இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். இலங்கையிலிருந்து கிடைத்த இன்னொரு கனியையும் அதே வரிசையில் உட்காரவைத்தார். அதுதான் ஹெர்மனின் கண கொரக்கா. வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் லண்டனில் ஒரு காய்ந்த கிளை, எல்லாவற்றையும் குழப்பக் காத்துக்கொண்டிருந்தது.

கிளையை அனுப்பியவர் யோகான் கெர்ஹார்ட் கூனிக். லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் வைத்தியராக வந்தவர், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இலங்கைக்கும் சயாமுக்கும் போய் அலைந்தார். மஞ்சள் பிசினின் மரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினார். 1785இல் ஆந்திரக் கரையில் இறந்தபோது தம் குறிப்புகளையெல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்தார். கூனிக்கின் விவரங்களைக் கொண்டு 1789இல் கோட்டிங்கன் பேராசிரியர் முர்ரே ஒரு புதிய பேரினத்தை அறிவித்தார்: ஸ்டாலாக்மிட்டிஸ். மருந்து நூல்கள் அதை எடுத்துக்கொண்டன. ஒரே பிரச்சினை, அந்த விவரணைக்குப் பொருந்தும் மரத்தை அதன்பின் காட்டில் யாராலும் காண முடியவில்லை.

நாற்பத்தேழு ஆண்டுகள் ஓடின. இலங்கையில் ஒரு கர்னலின் மனைவி, அன்னா மரியா வாக்கர், செடிகளை வரைவதிலும் சேகரிப்பதிலும் கெட்டிக்காரர். தீவின் மஞ்சள் பிசின் மரத்தின் கிளைகளையும் விவரங்களையும் எடின்பரோவில் இருந்த பேராசிரியர் ராபர்ட் கிரேயமுக்கு அனுப்பினார். கிரேயம் அவற்றை முர்ரேயின் விவரணையோடு வைத்துப் பார்த்தார். ஒத்துவரவில்லை. பேங்க்ஸ் சேகரிப்பில் உறங்கும் கூனிக்கின் மூலக் கிளையை எடுத்துப் பார்க்கும் பொறுப்பு லண்டனில் ராபர்ட் பிரவுனுக்கு வந்தது. பிரவுன் சாதாரணக் கண்ணுடையவர் அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீரில் மகரந்தத் துணுக்குகள் ஓயாமல் துள்ளுவதை நுண்ணோக்கியில் கண்டு உலகுக்குச் சொன்னவர். அவர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூவும் காம்பும் சேரும் இடத்தில் அவருடைய கண் நின்றது.

அங்கே இருந்தது அரக்கு. கடிதத்துக்கு முத்திரை வைக்கிற அரக்கு. ஒரு மரத்தின் கிளையில் வேறொரு மரத்தின் உறுப்பை ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் அரக்கு பூசியிருந்தது. முர்ரேயின் பேரினம் இந்த உலகில் எங்கும் முளைத்ததே இல்லை! 1836இல் கிரேயம் விஷயத்தை அச்சில் உடைத்தார். ஒரு பாதி இலங்கையின் பிசின் மரம். அதற்கு அவர் ஹெப்ராடெண்ட்ரான் என்று புதுப் பேரினம் சூட்டினார். மறு பாதி ஸாந்தோகைமஸ் என்ற வேறு பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டு அந்நியர்களை ஒரே உடலாக்கிய மோசடி என்று தாவரவியல் உலகம் சிரித்தது. சிரிப்பு அடங்க நாற்பது ஆண்டு ஆனது.

கியூ தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் அந்த வேலையைச் செய்தார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குவிந்திருந்த கிளைகளைப் பரப்பிவைத்து, பேரினங்களுக்கு நடுவே போட்டிருந்த வேலிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள் அவரும் சகாக்களும். காம்போஜியா போனது. ஹெப்ராடெண்ட்ரான் போனது. ஸாந்தோகைமஸும் போனது. எல்லாம் கார்சீனியா. ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் 1834இல் ஸாந்தோகைமஸ் ஸ்பைகாட்டஸ் என்று எழுதிய மரத்தை ஹூக்கர் 1875இல் கார்சீனியா ஸ்பைகாட்டா என்று மாற்றினார். அரக்குக் கிளையின் மறு பாதி அந்த மரம்தான். தடித்து மினுங்கும் இலையும், இலைக் கணுக்களில் கொத்தாகச் சின்னப் பூவும் கொண்டு இலங்கையின் வறண்ட காட்டில் நிற்கும் அது, படுவான்கரையின் கொக்கட்டி. அரக்கால் ஒட்டப்பட்ட இரண்டு அந்நியர்களும் ஒரே குடியினர் என்று ஆயிற்று. சிங்களக் கிராமத்தார் ஒன்றைக் கொக்கட்டு என்றும் மற்றதை எல கொக்கட்டு என்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லி வந்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் அரக்கும் மிச்சம், தொண்ணூறு ஆண்டும் மிச்சம்.

அதே 1875இல், அதே ஆய்விதழின் அதே தொகுதியில், ஓவியர்களின் உண்மையான சயாம் மரத்துக்கும் ஹூக்கர் பெயர் வைத்தார்: கார்சீனியா ஹான்பரியை. அதுவும் இதே பேரினம். லின்னேயஸுக்கு மரம் தப்பியது, குடும்பம் தப்பவில்லை. இந்த மஞ்சள் பிசினுக்கு இன்னொரு வேலையும் காத்திருந்தது. 1908இல் பாரீசில் ஜான் பெரன் அதைத் தண்ணீரில் கரைத்து, மாதக்கணக்கில் சுழற்றிச் சுழற்றி, ஒரு கிலோவிலிருந்து ஒரே அளவான துகள்களைச் சில டெசிகிராம் மட்டும் பிரித்தெடுத்தார். நுண்ணோக்கியில் அவை துள்ளின. பிரவுன் கண்ட அதே துள்ளல். அதை அளந்து அணுக்கள் உண்மையிலேயே இருப்பதை நிலைநாட்டினார் பெரன். 1926இல் நோபல் பரிசு. அரக்கைக் கண்டுபிடித்தவரின் புதிரை அவிழ்த்தது அரக்கு ஒட்டிய மரத்தின் சொந்தக்காரப் பிசின். இதைக் கதையில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

பெருங்காசு பிசினில் இல்லை. அது அடுப்பங்கரையில் புகை பிடித்துக் கிடந்தது. பழுத்த கொறுக்காயைச் சுளை சுளையாகப் பிளந்து, வெயிலில் உலர்த்தி, அடுப்புக்கு மேலே புகையில் போட்டால் தோல்போலக் கறுத்துச் சுருளும். நான்கைந்து துண்டு போட்டு வைத்த மீன் குழம்பு மறுநாளும் கெடாது. தென்னிந்தியக் கரையில் இதை உப்போடு சேர்த்து அயிலை மீனைப் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். அந்த முறைக்குக் கொழும்புப் பதம் என்றே பெயர். மீனைக் கெடாமல் காப்பது எது? சிட்ரிக் அமிலம் என்றார்கள், டார்டாரிக் என்றார்கள். மைசூரில் இருந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் லூயிஸும் நீலகண்டனும் அந்த விடையில் திருப்தி அடையவில்லை. 1965இல் அவர்கள் அறிவித்தது, இரண்டும் இல்லை. எலுமிச்சை அமிலத்துக்கு மிக நெருக்கமான, ஆனால் வேறான ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். நான்கே ஆண்டில் அந்தப் புளி அமெரிக்கப் பரிசோதனைச் சாலைக்குள் புகுந்தது.

1969இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டைனின் குழு கண்டது இது: உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வழியில் ஒரு நொதி உண்டு, இந்த அமிலம் அந்த நொதியின் வாயை அடைக்கிறது. எலிகள் இளைத்தன. மருந்துக் கம்பெனிகள் காதைத் தீட்டின. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று யாரும் நிரூபிக்கும் வரை சந்தை காத்திருக்கவில்லை. 1990களில் குடம்புளிச் சாறு குப்பிகளில் அடைபட்டது. பிறகு 1998 வந்தது.

அந்த ஆண்டு குடம்புளிச் சாறும் ‘ஒரே பேரினம்’ என்ற எண்ணமும் தனித்தனியே சோதனைக்கு வந்தது வேடிக்கை. வணிகத்தாரிடமும் இந்த எண்ணம் உண்டு. நேரடிப் போட்டியாளர் அல்ல, ஆனால் ஒரே வகைத் தொழில், ஒரே வாடிக்கையாளர் என்றால் அவை ஒரே பேரினத்துக் கம்பெனிகள், சேர்த்து வைக்கலாம். பாடநூல்கள் உதாரணமாகக் காட்டும் கல்யாணம் 1998இல் நடந்தது. சிட்டிகார்ப் வங்கியும் டிராவலர்ஸ் காப்புறுதிக் குழுமமும், ஏறத்தாழ 7,000 கோடி டாலர் பெறுமதியில். வங்கியில் கணக்கு வைத்தவர் காப்புறுதியும் அங்கேயே வாங்குவார் என்பது கணக்கு. அப்படிச் சேர அமெரிக்கச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. மறு ஆண்டு சட்டம் மாறியது. 2002இலேயே காப்புறுதியின் பெரும்பகுதி தனிக் குடித்தனம் போய்விட்டது. மிச்சமிருந்த ஆயுள் காப்புறுதியை 2005இல் விற்றார்கள். டிராவலர்ஸின் சிவப்புக் குடைச் சின்னமும் 2007இல் பழைய வீட்டுக்கே திரும்பியது. இங்கேயும் அரக்குதான் போலிருக்கிறது.

மற்றச் சோதனை நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பருமனான 135 பேர், 12 வாரம், பாதிப் பேருக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. அமிலம் சாப்பிட்டவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல்படி இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கதை அங்கே முடிந்திருந்தால் மருந்துக்கடை அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்திருக்கும்.

முடியவில்லை. சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். 2002இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு நிறுவனம் மங்குஸ்தான் சாற்றைச் சங்கிலித்தொடர் முகவர்கள் வழியாக விற்கக் கிளம்பியது. 2009 மே மாதம், குடம்புளிச் சாறும் வேறு பலவும் கலந்து விற்ற ஹைட்ராக்சிகட் மாத்திரைகளை நிறுத்தும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கல்லீரல் கேடு குறித்து 23 முறைப்பாடுகள், அவற்றில் ஒரு மரணம். சரக்கு திரும்பப் பெறப்பட்டது. சில ஆண்டுகளில் தொலைக்காட்சி மருத்துவர்களின் புகழ்மொழியில் குடம்புளி மறுபடி தலைதூக்கியது. கொழும்பிலும் சென்னையிலும் இணையக் கடைகளிலும் வரிசையாக நிற்கிற, பச்சை இலைப் படம் போட்ட அந்த உடல் இளைக்கும் குப்பி அப்படி வந்ததுதான்.

கொக்கட்டியின் பழத்தை யாரும் குப்பியில் அடைக்கவில்லை. பேரினப் பெயர் மட்டும் அதற்கும் பொது. குப்பியின் சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கார்சீனியா காம்போஜியா. முதற்சொல், தன் பெயரை வைக்காமல் ஒதுங்கிய கப்பல் வைத்தியர். இரண்டாவது சொல், லின்னேயஸ் தவறாக எழுதிக்கொடுத்த கம்போடியக் குடியுரிமை. தாவரவியலார் அந்த இனத்துக்குக் கார்சீனியா கம்மி-குட்டா என்ற பெயரையே சரியென்று இப்போது கொள்கிறார்கள். அதுவும் லின்னேயஸ் வைத்த சொல்தான், அதற்கும் அந்த ஓவியப் பிசின் என்றே பொருள். மரம் எந்த ஓவியருக்கும் மஞ்சள் தந்ததில்லை. குப்பிக்காரர்கள் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள், அதுதான் விற்கிறது.